பம்பு பெரிதாக வேண்டாம், சரியாக இருந்தால் போதும்

கோடை வந்துவிட்டால் நம் கடைவீதியில் எண்ணெய் விலைக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது வண்டி நின்றுபோன கதைதான். வெள்ளிமலைக்கு மளிகை ஏற்றிச் சென்ற ஆம்னி வேன், கச்சிராயபாளையம் வரை ஒழுங்காகப் போயிருக்கும். கோமுகி அணையைத் தாண்டி மலையேற்றத்தில் நாலு வளைவு போனதும் இருமி இருமி நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் போட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காதது போலப் புறப்பட்டுவிடும். இப்படி ஒரு முறை நின்றால் டிரைவர் பொறுத்துக்கொள்வார். வாரச் சந்தைக்கு முதல் நாள் நின்றால் முதலாளி பொறுக்க மாட்டார்.

உடனே வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது. "மொதலாளி, பெட்ரோல் பம்பு பத்தலை. பெரிசா ஒண்ணு போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். பெரிசு என்று அவர் சொல்வது பெரும்பாலும் காயலாங்கடையில் உடைத்துப் போட்ட ஏதோ ஒரு புதுக்காரின் எலெக்ட்ரிக் பம்பு. அதை டேங்க் பக்கத்தில் கம்பி போட்டுக் கட்டி, சாவி லைனிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. வண்டியும் சில நாள் ஜோராக ஓடும். இந்தப் பழக்கம் சிறு வணிகர்களிடையே பரவி வருவதைப் பார்க்கும்போது சில வார்த்தை சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

யாருக்குச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறோம். டாட்டா ஏஸ், பொலீரோ பிக்கப் என்று டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை அல்ல. டீசல் பம்பு வேறு ஜாதி, அதன் நோயும் வேறு. கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டிகளைத்தான் சொல்கிறோம். மாருதி வேன் 1984-இல் வந்தது, 1988-இலிருந்து ஆம்னி என்ற பெயரில் ஓடியது, 2019-இல் உற்பத்தி நின்றது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதற்கு முந்தைய ஆம்னி, மாருதி 800, எங்கோ ஒன்றிரண்டாக மிஞ்சியிருக்கும் பெட்ரோல் அம்பாசிடர் ஆகியவைதான் இங்கே நம் கவலை. அம்பாசிடர் உற்பத்தியும் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது.

"இருபத்தைந்து வருட வண்டியை இன்னும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று பட்டணத்துக்காரர்கள் கேட்கலாம். நம் வியாபாரம் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. இருநூறு, முந்நூறு கிலோ சரக்குக்குப் புதிய வண்டி எடுத்து மாதத் தவணை கட்டினால் கல்லாவில் மிஞ்சுவது என்ன? பழைய வேனைக் கைவிடாமல் வைத்திருப்பவரும் சும்மா வைத்திருக்கவில்லை. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த உபயோகக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 10,000 ரூபாய் ஆக்கினார்கள். அதையும் கட்டிவிட்டு ஓட்டுகிறோம் என்றால், வண்டி நமக்கு வேண்டியிருக்கிறது என்று பொருள். அப்படி வேண்டிய வண்டியின் உறுப்பை மாற்றும்போது எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டாமா?

வணிகனுக்குத் தெரிந்த முறையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரக்கோடு மலையேறும் ஆம்னி, லிட்டருக்கு 6 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்குச் செலவாவது 5 லிட்டர். நிமிடத்துக்கு 83 மில்லி. டீக்கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்று நிறையாத அளவு. இந்த அளவைக் கொடுக்க முடியாத பம்பு பழுதான பம்புதானே தவிர, சிறிய பம்பு அல்ல. கம்பெனி பொருத்திய அதே அளவுப் பம்பு நல்ல நிலையில் இருந்தால் இதைப்போலப் பல மடங்கு இறைக்கும்.

அமெரிக்காவில் பழைய கார்ப் பித்தர்கள் உண்டு. 1960-களில் அங்கே 'மசில் கார்' என்று ஒரு வகை வந்தது. நடுத்தரக் காரில் ராட்சத எஞ்சினைப் பொருத்தி ரேஸ் வண்டி போல ஓட்டுவது. 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. அவற்றில் பேர்பெற்றது. அதன் எஞ்சின் கிட்டத்தட்ட 6,400 சி.சி. நம் ஆம்னியின் 796 சி.சி. எஞ்சினில் எட்டு அதற்குள் அடங்கும். அந்த வண்டிகளை இன்றும் வைத்திருப்பவர்கள் எஞ்சினை இன்னும் முறுக்கேற்றும்போது பெட்ரோல் போதாமல் பெரிய பம்புக்கு மாறுகிறார்கள். அவர்களுக்கு அது தேவை. அவர்கள்கூட எலெக்ட்ரிக் பம்பு போட்டால் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், ரிலே, ஃப்யூஸ், விபத்து நேர்ந்தால் தானே அணையும் சுவிட்ச் எல்லாம் சேர்த்துத்தான் போடுகிறார்கள். நம்மூரில் பம்பு மட்டும் வந்தது, மற்றதெல்லாம் வரவில்லை.

நம் பழைய வண்டிப் பம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒவ்வொரு வண்டிக்காரரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எண்ணெய் பீப்பாயில் கைப்பம்பு வைத்து இறைத்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதன் தம்பி இது. உள்ளே வட்டமான ரப்பர் துணி ஒன்று இருக்கிறது, அதற்கு டயாஃப்ரம் என்று பெயர். எஞ்சினின் கேம்ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு நெம்புகோல் அந்த ரப்பரைக் கீழே இழுக்கும். டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். நெம்புகோல் விட்டதும் ஸ்பிரிங் ரப்பரை மேலே தள்ளும், பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்து, அதன் ஊசி வால்வு மூடிக்கொண்டால் ஸ்பிரிங்கால் மேற்கொண்டு தள்ள முடியாது. நெம்புகோல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். கேட்ட அளவுக்கு மட்டும் கொடுக்கிற நாணயமான வேலைக்காரன் மாதிரி. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும்.

இந்தப் பம்பு தள்ளும் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு சுமார் 3 முதல் 5 பவுண்டு வரைதான். கார்புரேட்டரின் ஊசி வால்வு அதைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்டது. இன்ஜெக்‌ஷன் காரின் பம்போ 40 பவுண்டுக்கு மேல் தள்ளும். பத்து மடங்கு. தராசில் பத்துக் கிலோ தாங்கும் தட்டில் குவிண்டால் மூட்டையை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஊசி வால்வுக்கும் ஆகும். கிண்ணம் நிரம்பி வழிந்து, பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் சொட்டும். ஆம்னியில் எஞ்சின் எங்கே இருக்கிறது? முன் சீட்டுக்குக் கீழே. டிரைவர் உட்கார்ந்திருப்பதே அதன் மேல்தான்.

அதோடு விடுவதில்லை. எஞ்சினோடு சேர்ந்து நிற்கிற பழைய பம்பைப் போலன்றி, சாவி லைனில் நேராகக் கோர்த்த எலெக்ட்ரிக் பம்பு சாவி 'ஆன்' நிலையில் இருக்கும்வரை இறைத்துக்கொண்டே இருக்கும். வண்டி மோதி டிரைவர் மயங்கிக் கிடந்தாலும், குழாய் அறுந்து தொங்கினாலும் அது நிற்காது.

தீ என்றால் என்னவென்று நம் ஊருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, சங்கராபுரம் கடைவீதியில் பட்டாசுக் கடையில் ஏற்பட்ட தீயில் ஐந்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த விபத்துக்கும் வண்டிப் பம்புக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒட்டி ஒட்டிக் கட்டிய கடைகளில் ஓரிடத்தில் பிடித்த தீ அடுத்த கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு பரவுவதில்லை என்பதை அன்று கண்ணால் கண்டோம். நம்மில் பலர் இரவில் வேனைக் கடையின் பின்கட்டில் நிறுத்துகிறோம். பக்கத்தில் எண்ணெய் டின், காலிச் சாக்கு, தீப்பெட்டிப் பண்டல், கற்பூர டப்பா. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தங்கும். அங்கே ஃப்ரீசர் தானாக ஓடத் தொடங்கும்போது ஏற்படும் சிறு பொறி போதும். சாமி விளக்கும் போதும். ஆகவே வேனின் பெட்ரோல் குழாய் அந்த வேன் சொந்தக்காரரின் தனி விஷயம் என்று நாம் விட்டுவிட முடியாது. பக்கத்துக் கடைக்காரருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

சரி, பம்பு சிறிதல்ல என்றால் வண்டி ஏன் நிற்கிறது?

பெரும்பாலும் சூடுதான் காரணம். பெட்ரோல் எளிதில் ஆவியாகிற சரக்கு. மலையேற்றத்தில் இரண்டாவது கியரில், சுமையோடு, மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்குக் காற்று போதாது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்பும் கொதிக்கும். பம்பு உறிஞ்சுகிற பக்கத்துக் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டிவிடும். பம்பு குமிழியை இழுத்து இழுத்து ஓய்ந்துபோகும். ஆறினால் குமிழி மறுபடி பெட்ரோலாகிவிடும், வண்டியும் புறப்படும். பழைய டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு வைப்பார்கள். அது மூடப்பழக்கம் அல்ல, சரியான வைத்தியம்தான், தற்காலிக வைத்தியம்.

சூட்டோடு கூட்டுச் சேர்வது வேறு சில சில்லறைக் காரணங்கள். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சிறு துவாரம் உண்டு. அது அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பு எவ்வளவு இழுத்தாலும் வராது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் வியாதி மூடியில் இருக்கிறது, பம்பில் இல்லை. அடுத்து ஃபில்டர். அதற்கடுத்து டேங்கிலிருந்து பம்பு வரும் ரப்பர் குழாய். இந்தக் குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகையால் கண்ணுக்குத் தெரியாது. 'ஏர் பிடிக்குது' என்று சொல்லிவிட்டுப் பம்பை மாற்றுபவர்கள், ஐம்பது ரூபாய்க் குழாயைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை இருக்கும்; எஞ்சின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். பம்பைக் கழற்றியவர் அதை எறிந்துவிட்டுக் காகித கேஸ்கட்டை வைத்து முறுக்கிய வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கார்புரேட்டர் பக்கத்திலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாய் உள்ள வண்டியில் அதை அடைத்துவிடவும் கூடாது. சூடான பெட்ரோலையும் குமிழியையும் திருப்பி அனுப்புவது அந்தக் குழாய்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பம்பு மாற்ற வேண்டி வரலாம். இன்றைய நிலையில் பெரும்பாலும் வரும் என்றே நாம் நினைக்கிறோம். காரணம், நாம் போடும் பெட்ரோலே மாறிவிட்டது.

எத்தனால் என்னும் எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலப்பது புதிதல்ல. ஆனால் அளவு கூடிய வேகம் புதிது. 2022 ஜூனில் நாடு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-க்கு முன்னே கொண்டுவந்து, 2025-இல் எட்டியும்விட்டார்கள். இதை எதிர்த்துப் போடப்பட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே நம் பழைய வேன் இனிக் குடிக்கப் போவது இதைத்தான். அந்த வேன் செய்யப்பட்டபோது அதன் ரப்பர் உறுப்புகள் இதற்காகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. எத்தனால் பட்டுப் பட்டுப் பழைய ரப்பர் ஊதும், பிறகு வறண்டு வெடிக்கும். டயாஃப்ரம், குழாய், ஊசி வால்வின் முனை எல்லாம் ரப்பர்தான். மேலும் எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. வெல்லம் மழைக்காலத்தில் கசிவது போல. பல நாள் ஓட்டாமல் போட்ட வண்டியின் இரும்பு டேங்கில் துரு பிடிக்கும். டேங்க் அடியில் ஆண்டாண்டாகப் படிந்த கசடையும் அது கரைத்துக் கிளப்பி, ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும்.

இது நாம் கிளப்பிய பீதி அல்ல. 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் உறுப்புகளையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான், வழக்கமான சர்வீஸின்போதே மாற்றிவிடலாம் என்று கூறியது. மைலேஜ் விஷயத்தில், 2021-இல் வெளியான நிதி ஆயோக்கின் திட்ட அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த நாலு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று கணித்திருந்தது. லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பிறகு மைலேஜ் எப்படிக் குறையாமல் இருக்கும்?

இதைப் படித்துவிட்டு நாம் எத்தனாலுக்கு எதிரி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். நம் பக்கம் கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் கரும்பு வெட்டி அனுப்புகிற விவசாயிதான் நம் வாடிக்கையாளர். கரும்புப் பணம் வந்தால் நம் பாக்கி நோட்டில் கோடு விழும். வராவிட்டால் பக்கம்தான் கூடும். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இன்னொரு வாசல் திறக்கிறது என்றால் அதை நாம் ஏன் தடுக்கப் போகிறோம்? நாம் கேட்பது வேறு. பெட்ரோல் பங்கில் விற்பது எத்தனை சதவீதக் கலப்பு என்று வாங்குபவர் கண்ணில் படும்படி ஒவ்வொரு குழாயிலும் எழுதி வைக்க வேண்டும். நாம் ஒரு பாக்கெட் கடலைமாவு விற்றாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதல்லவா? வண்டி செய்த கம்பெனிகளும் உற்பத்தி நின்ற மாடல்களுக்கு எத்தனால் தாங்கும் ரப்பர் செட்டைச் சிற்றூர் உதிரிபாகக் கடை வரைக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். செலவு குறைவு என்று டெல்லியில் சொல்லிவிடலாம். அந்தக் குறைந்த செலவுப் பொருள் கடையில் இருந்தால்தானே வாங்க முடியும்? கிடைக்காத இடத்தில்தான் காயலாங்கடைப் பம்பு உள்ளே நுழைகிறது.

டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஆயில் பார்க்கும் கம்பியை வாரம் ஒருமுறை உருவிப் பாருங்கள். பழைய எஞ்சினில் ஆயில் குறைவது இயற்கை. கூடியிருந்தால்? சந்தோஷப்பட வேண்டாம், கணக்கில் வராத லாபம் என்றைக்குமே வில்லங்கம். கிழிந்த ரப்பர் வழியாகப் பெட்ரோல் ஆயிலோடு கலக்கிறது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும், விரலில் தேய்த்தால் தண்ணீராக இருக்கும். அப்படியே ஓட்டினால் பேரிங் போகும், எஞ்சின் வேலை வரும். பம்புக்கு அடியில் உள்ள சிறு துவாரத்தில் ஈரம் தெரிந்தாலும் இதே கதைதான். அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

மாற்றும்போது எதைப் போடுவது? நம் யோசனை: வண்டிக்கு உரிய அதே வகைப் புதுப் பம்பு. எத்தனால் தாங்கும் டயாஃப்ரமா என்று கேட்டு வாங்குங்கள். கூடவே குழாய்களையும் மொத்தமாக மாற்றுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாய் எத்தனாலைத் தாங்கும்; அச்சே இல்லாமல் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிற கறுப்புக் குழாயை நம்ப முடியாது. கம்பி சுற்றிக் கட்டாமல் கிளிப் போட வேண்டும். புது ஃபில்டர் ஒன்று. கசடு கிளம்பும் முதல் சில மாதங்களில் அதை இன்னொரு முறையும் மாற்றினால் நல்லது. எல்லாம் சேர்த்து ஒரு மூட்டை சர்க்கரை வாங்கும் பணத்தையொட்டி முடிந்துவிடுகிற காரியம். பழைய பம்பைத் தூர எறிய வேண்டாம். நெம்புகோலின் நீளத்தைப் புதியதோடு வைத்துப் பார்த்த பிறகு போட்டால் தவறு நேராது.

மலைக்கே தினம் போகிற வண்டி, எல்லாம் செய்தும் குமிழி கட்டுகிறது என்றால் எலெக்ட்ரிக் பம்பு போடுவதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். டேங்க் அருகே இருந்து தள்ளுகிற பம்பு, தூரத்திலிருந்து உறிஞ்சுகிற பம்பைவிடச் சூட்டைச் சமாளிக்கும். ஆனால் அது கார்புரேட்டருக்கென்றே செய்த, 3 முதல் 4 பவுண்டுக்கு மேல் போகாத பம்பாக இருக்க வேண்டும். எஞ்சினில் ஆயில் அழுத்தம் இருந்தால்தான் பம்பு ஓடும் என்ற சுவிட்ச் வேண்டும். எஞ்சின் நின்றால் பம்பும் தானே நின்றுவிடும். தனி ரிலே, தனி ஃப்யூஸ் வேண்டும். இவற்றைத் தெரிந்து செய்கிற எலெக்ட்ரீஷியன் கிடைக்காவிட்டால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது உத்தமம். ஈரத்துணி எவ்வளவோ தேவலை.

பெட்ரோல் தொல்லையே வேண்டாம் என்று வீட்டுச் சமையல் சிலிண்டரை வேனுக்குள் வைத்து ஓட்டுகிறவர்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறோம். அது குற்றம். வண்டிக்கென்று அனுமதிக்கப்பட்ட தொட்டியைப் பொருத்தி, பதிவுப் புத்தகத்திலும் எழுதி வாங்கினால்தான் கேஸில் ஓட்டலாம். அப்படி எழுதாத வண்டி எரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி நம்மைப் பார்த்து அனுதாபப்படும், அவ்வளவுதான்.

இனி நம் சங்கம் செய்யக் கூடியது. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போட நாள் குறித்தால் எல்லோரும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோகிறோம். அதைப்போல ஒரு நாள் காலையில் உறுப்பினர்களின் பழைய பெட்ரோல் வண்டிகளை எல்லாம் ஒரு திறந்தவெளியில் நிறுத்தி, அனுபவமுள்ள இரண்டு மெக்கானிக்குகளைக் கூலி கொடுத்து வரவழைத்து, குழாய், பம்பு, ஃபில்டர், டேங்க் மூடி ஆகியவற்றை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று செயற்குழுவின் முன் வைக்கிறோம். வண்டிக்குக் கால் மணி நேரம் போதும். அக்னி நட்சத்திரம் தொடங்குவதும் மே 5 வணிகர் தினமும் ஒரே வாரத்தில் வருகின்றன. வணிகர் தின மாநாட்டுக்கு வேன்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போவது நம் வழக்கம். அதற்கு முன்பே, சித்திரை பிறந்த கையோடு இதை முடித்துவிட்டால் நல்லது. தேவைப்படும் பம்பு, குழாய், ஃபில்டர்களைச் சங்கத்தின் பேரில் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலையும் படியும், போலிச் சரக்கும் தவிரும். மொத்தக் கொள்முதல் நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தையா என்ன?

இந்த யோசனையில் விருப்பமுள்ளவர்கள், தங்கள் வண்டியின் பெயர், எந்த வருட மாடல், கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா, பம்பு கடைசியாக எப்போது மாற்றியது, இப்போது எலெக்ட்ரிக் பம்பு ஏதாவது பொருத்தியிருக்கிறதா என்ற விவரங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், எத்தனை செட் வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட உதவியாக இருக்கும். வேறு வண்டியின் பம்பை ஏற்கெனவே பொருத்தியிருப்பவர்கள் கூச்சப்படாமல் அதையும் எழுத வேண்டுகிறோம். அவர்கள் வண்டியை முதலில் பார்க்க வேண்டும்.